நாள்பட்ட காணாக்கடி

காணாக்கடி என்பது, கடித்தது எது என்று தெரியாமலேயே உடம்பில் சிவந்து, தடித்து, அரிப்போடு எழும் தோல் மாற்றத்திற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர். கண்ணில் படாத ஏதோ ஒரு பூச்சி கடித்துவிட்டது என்ற எண்ணம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் இப்பெயரைத் தற்கால மருத்துவத்தின் அர்ட்டிகேரியா என்னும் நோய்க்கு இணையாகக் கொள்கிறார்கள். மக்கள் வழக்கில் அதன் பொருள் இன்னும் அகலமானது. காரணம் பிடிபடாத எந்தத் தடிப்பையும் முதலில் காணாக்கடி என்றுதான் சொல்வார்கள். ஆறு வாரத்திற்கு மேல் நீடித்தால் அது நாள்பட்டது எனப்படும். அவ்வாறு நீடிக்கும் தடிப்புக்குக் காரணம் தேடுவதையும், காரணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சிகிச்சையோடு நாள்களைக் கடத்துவதையும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பேனாவால் ஒரு வட்டம்

ஒருவருக்கு வந்திருப்பது உண்மையான காணாக்கடியா, வேறு தோல் நோயா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. புதிதாக எழுந்த ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அர்ட்டிகேரியா என்றால் அந்தத் தடிப்பு 24 மணி நேரத்திற்குள் சுவடில்லாமல் மறைந்துவிடும். வேறு இடத்தில் புதிதாக ஒன்று எழும். வட்டத்துக்குள் இருந்தது இரண்டு மூன்று நாளாகியும் போகவில்லை, செதில் உதிர்கிறது, நீர் வடிகிறது, கறுத்த தழும்பு விடுகிறது என்றால் அது வேறு. அதைத் தோலழற்சி, பூஞ்சைப் படை, சொறி, இரத்தக்குழாய் அழற்சி ஆகியவற்றுள் ஒன்றாக எண்ணித் தேட வேண்டும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் மிகவும் பயன்படுவது. கூடலூரிலிருந்தோ கம்பத்திலிருந்தோ காலையில் பேருந்து ஏறி, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு எடுத்து, வரிசையில் நின்று மருத்துவர் முன் உட்காரும்போது இரவு எழுந்த தடிப்பில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. "இங்கேதான் இருந்தது" என்று வெறும் தோலைக் காட்ட வேண்டியிருக்கும். எழும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இச்சிக்கலைத் தீர்க்கும். எடுத்த நாள், நேரம், அதற்கு முன் விழுங்கிய மாத்திரை, செய்த வேலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பள்ளத்தாக்கில் தேட வேண்டிய காரணங்கள்

நீங்காத தடிப்பு என்று வருவோரில் ஒரு பகுதியினருக்கு இருப்பது தொடு ஒவ்வாமைத் தோலழற்சி. ஒரு பொருள் தோலில் பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொண்டபின், அடுத்த முறை அது பட்ட ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பும் கொப்புளமும் தோன்றுகின்றன. இந்த இடைவெளிதான் நோயாளியைத் திசைதிருப்புகிறது. செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் பட்டதற்கு வியாழக்கிழமை அரிக்கும்போது, மனம் புதன்கிழமை சாப்பிட்ட கருவாட்டைத்தான் நினைக்கும்.

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பகுதிகளில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இத்திராட்சையின் சிறப்பு. தோல் மருத்துவத்தின் பார்வையில் அதுவே ஒரு தொல்லை. பருவத்துக்குப் பருவம் பயிரிடும் ஊர்களில், மருந்தடிக்கும் மாதத்தில் அரித்தது, அது முடிந்ததும் நின்றது என்று காரணத்தை ஊகித்துவிடலாம். இங்கே ஒரு தோட்டம் முடிந்தால் அடுத்த தோட்டம், அரிப்புக்கும் ஓய்வில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும், கந்தகமும் தோலை எரிச்சலூட்டக்கூடியவை. மாங்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் ஒவ்வாமைத் தோலழற்சியை உண்டாக்கும் என்று அறியப்பட்டவை. இதில் யாரும் எதிர்பாராத ஒரு திருப்பமும் உண்டு. மாங்கோசெப் சேர்ந்த வேதிக் குடும்பத்துப் பொருள்கள் ரப்பர் கையுறை தயாரிப்பிலும் பயன்படுகின்றன. ஆகவே பாதுகாப்புக்கென்று ரப்பர் கையுறை போட்ட பிறகு கை இன்னும் மோசமானால், கையுறையையும் சந்தேகிக்க வேண்டும்.

விடியும் முன்பே ஜீப்புகளில் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்பும் தொழிலாளர்கள் இன்னொரு பெரிய கூட்டம். ஏலம் பூச்சிமருந்து மிகுதியாகப் பயன்படும் பயிர்களில் ஒன்று. மருந்தடிப்பவர் மட்டுமல்லாமல், அடித்த செடிகளுக்கிடையே குனிந்து காய் பறிக்கும் பெண்களின் முன்கையிலும் கழுத்திலும் அது படுகிறது. ஈர உடையை மாலைவரை மாற்றாமல் இருப்பது படும் நேரத்தை நீட்டுகிறது. எந்த மருந்து அடிக்கப்பட்டது என்பது கூலிக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. காலி டப்பாவின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் அது பத்துக் கேள்விகளுக்கு விடை.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பேர்போனது. பூண்டு உரிப்பவர்களுக்கு வரும் தோலழற்சி, பார்த்தவுடன் அடையாளம் தெரியும் வகையைச் சேர்ந்தது. வலக்கைக்காரர் பூண்டை இடக்கையால் பிடித்து வலக்கையில் உள்ள கத்தியால் உரிக்கிறார். ஆகவே இடக்கைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் காய்ந்து, வெடித்து, தோலுரிகின்றன. இதற்குக் காரணமான டைஅல்லில் டைசல்ஃபைடு பெரும்பாலான கையுறைகளை ஊடுருவிச் செல்லும். வீட்டுச் சமையலில் மட்டும் பூண்டு உரிப்பவருக்கும் இது வரலாம்.

இவற்றையெல்லாம் விடப் பரவலானது பார்த்தீனியம். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தக் களை 1950-களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் சாலையோரம், தரிசு, வாய்க்கால் கரை என்று பரவியது. இதைக் கட்டுப்படுத்த மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினம் 1980-களில் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. செடியில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள்தான் ஒவ்வாமைக்குக் காரணம். காய்ந்து பொடியான இலைத்துகளும் பூத்துகளும் காற்றில் வந்து முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் படிகின்றன. செடியைத் தொடாதவருக்கும் நோய் வருவதால் "நான் எதையும் தொடவில்லையே" என்ற பதில் இங்கே பயன்படாது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக வேகமாக வீசும் பள்ளத்தாக்கு இது; காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். காற்றில் வரும் ஒவ்வாமையைச் சந்தேகிக்க இதைவிடப் பொருத்தமான நிலவியல் வேண்டியதில்லை. வயல்வேலை செய்யும் நடுவயது ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வெயில் பட்டால் கூடுவதுபோல் தோன்றுவதால் "வெயில் ஒவ்வாமை" என்று தவறாக முத்திரை குத்தப்படுவதும் உண்டு.

தொழிலோடு தொடர்பில்லாத காரணங்களையும் விட்டுவிடக் கூடாது. வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு, இரவில் கூடுதல், விரலிடுக்கில் பொரி என்றால் அது சொறி. வீட்டார் அனைவரும் ஒரே இரவில் மருந்து பூசினால்தான் தீரும். வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அதற்கான கூட்டுமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வயதானவருக்கு எந்த மருந்துக்கும் அடங்காத படை இருந்தால் தோல் துணுக்கு எடுத்துச் சோதிப்பது அவசியம். ஒரு முறை தெளிவான விடை வராவிட்டால் சில மாதம் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். அதை மருத்துவரின் தடுமாற்றம் என்று எண்ண வேண்டாம். சில நோய்கள் காலம் கடந்தே முகம் காட்டும்.

ஒட்டுச் சோதனை

தொடு ஒவ்வாமையை உறுதிசெய்யும் வழி ஒட்டுச் சோதனை. ஒவ்வாமைப் பொருள்கள் சிறிதளவு வைத்த சிறு கிண்ணங்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரிப்பார்கள். அன்று ஒரு முறையும், அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். இரண்டாவது பார்வையில் மட்டும் தெரியும் ஒவ்வாமைகள் இருப்பதால் அதைத் தவறவிடக் கூடாது. ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கும் வேலை கூடாது. ஒரே வாரத்தில் மூன்று முறை மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு வாரக் கூலி. சோதனை செய்துகொள்ளாமல் பலர் நின்றுவிடுவதற்கு அச்சத்தைவிட இந்தக் கணக்கே காரணம். வேலை குறைந்த வாரத்தில் நாள் கேட்டு வாங்குவது முடியாத காரியமல்ல.

ஸ்டீராய்டு மாத்திரை கூடிய அளவில் எடுத்துக்கொண்டிருந்தாலோ, முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று விடை வரலாம். எனவே என்னென்ன மருந்து எடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைக் களிம்பு

மாவட்டத்தில் எந்த ஊர் மருந்துக் கடையிலும் "படைக்கு ஒரு களிம்பு" என்று கேட்டால் ஒரு குழாய் கிடைக்கும். பெரும்பாலும் அதில் வலுவான ஸ்டீராய்டும், பூஞ்சைக்கொல்லியும், நுண்ணுயிர்க்கொல்லியும் ஒன்றாகக் கலந்திருக்கும். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். வந்திருப்பது படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு அதன் சிவப்பை மட்டும் மறைத்துவிட்டுப் பூஞ்சையைத் தடையின்றி வளரவிடுகிறது. ஓரம் தெளிவான வட்டமாக இருந்த படை உருமாறி, அனுபவமுள்ள மருத்துவரையும் ஏமாற்றும். "காரணம் தெரியாத தடிப்பு" என்ற தலைப்பில் வருவனவற்றுள் கணிசமானவை இவ்வாறு குழாயால் முகம் மாற்றப்பட்ட படர்தாமரைகளே.

இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் படர்தாமரை சிகிச்சைக்கு அடங்காததாக மாறியிருக்கிறது. டிரைக்கோபைட்டன் இன்டோடினியே என்று 2020-இல் பெயரிடப்பட்ட பூஞ்சையினத்தில் பல வகைகள் டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் மாறிய அளவுக்குப் பழக்கம் மாறவில்லை என்றே சொல்ல வேண்டும். கடையில் வாங்கிப் பூசிய குழாயை மறைக்காமல் மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டும். திட்டு வாங்க நேர்ந்தாலும் நோயறிதலில் அது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புக்கு அஞ்சிப் பூசாமல் விடுவது இதன் மறுமுனை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் வலுக் குறைந்ததையே பயன்படுத்துவார்கள். காலுக்குத் தந்ததை முகத்துக்குப் பூசக் கூடாது.

காரணம் கிடைக்காதபோது

வட்டம் போட்ட தடிப்பு ஒரு நாளுக்குள் மறைகிறது, ஆறு வாரமாகத் தொடர்கிறது, தொட்டதும் தின்றதும் காரணமாகத் தெரியவில்லை என்றால் அது நாள்பட்ட தன்னியல்பு அர்ட்டிகேரியா. உலக அளவில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு இருக்கும் நோய் இது. பெண்களிடம் ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் தேவையின்றி ஹிஸ்டமினைக் கொட்டுவதால் தடிப்பும் அரிப்பும் எழுகின்றன. பலரிடம் இதைத் தூண்டுவது உடலே தனக்கெதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள். எனவேதான் தைராய்டு நோய் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வெளியிலிருந்து வந்த கடி ஏதும் இல்லை. பெயரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி உடலின் உள்ளேயே இருக்கிறது எனலாம்.

இந்த நிலையில் நோயாளிக்கு ஏமாற்றம் தருவது சோதனைகளே. இரத்த எண்ணிக்கை, அழற்சி அளவு, தைராய்டு ஆகிய சிலவற்றுக்கு மேல் மருத்துவர் எழுதமாட்டார். தனியார் ஆய்வகங்களில் நூறு வகை உணவுக்கு ஒவ்வாமை பார்க்கும் இரத்தச் சோதனை பல ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாள்பட்ட காணாக்கடியில் அதனால் பெரும்பாலும் பயனில்லை. அதில் வரும் நீண்ட பட்டியல் சாப்பாட்டுத் தட்டைக் காலியாக்குமே தவிர அரிப்பைக் குறைக்காது. அந்தப் பணத்தை மருந்துக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை படிப்படியானது. தூக்கம் குறைவாக வரவழைக்கும் செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளில் ஒன்று முதலில் தரப்படும். அரிக்கும்போது மட்டும் போடாமல் நாள்தோறும் போட வேண்டும். தடிப்பு எழுந்தபின் போடும் மாத்திரை, கொட்டிய ஹிஸ்டமினைத் திரும்ப அள்ளாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவர் அளவை நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை என்று சீட்டில் இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். தானாகக் கூட்டிக்கொள்ளவும் வேண்டாம். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் ஊசி, சைக்ளோஸ்போரின் ஆகியவை உண்டு. ஊசி நன்றாக வேலை செய்கிறது, விலைதான் தடை. ஸ்டீராய்டு மாத்திரை கடுமையான நாள்களைக் கடக்கச் சில நாளுக்கு மட்டும் உரியது.

வலிமாத்திரைகளில் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா கணிசமானவர்களுக்குத் தடிப்பைக் கூட்டுகின்றன. நாளெல்லாம் குனிந்து வேலை செய்துவிட்டு இடுப்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். நோய்க் குறிப்புத் தாளில் வலிமாத்திரைக்குத் தனிப் பத்தி ஒதுக்குவது நல்லது.

மருந்தின் தொல்லைகள்

அரிப்புக்கென்று பலரும் கேட்டு வாங்கும் அவில் போன்ற பழைய மாத்திரைகள் நன்றாகத் தூங்க வைக்கும். இரவு போட்டதன் மந்தம் காலையிலும் தொடரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர், மோட்டார் அறுப்பான் பிடிப்பவர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஆகியோருக்கு இவை ஏற்றவையல்ல. தூக்கம் குறைவான புதிய மாத்திரையைக் கேட்டுப் பெறலாம். அதிலும் செட்ரிசின் சிலரை அசத்திவிடும் என்பதால் முதல் சில நாள் பார்த்துவிட்டே வண்டியைத் தொட வேண்டும்.

பார்த்தீனியத் தோலழற்சி போன்றவை முற்றியவர்களுக்கு அசதியோபிரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய எதிர்ப்பாற்றல் அடக்கிகள் தேவைப்படும். அசதியோபிரின் இரத்த அணுக்களைக் குறைக்கலாம். எனவே தொடக்க வாரங்களில் அடிக்கடியும், பின்னர் இடைவிட்டும் இரத்தம் பார்ப்பார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. நாள்தோறும் போட்டு உயிர் போனவர்கள் உண்டு. "திங்கள்கிழமை" என்று அட்டையில் பெரிதாக எழுதி, மற்ற மாத்திரைகளோடு கலக்காமல் வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்து வைப்பது பாதுகாப்பு. பிள்ளை பெறும் வயதினர் இம்மருந்தின்போது கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

பல வாரம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருப்பதால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரும். முகம் உப்பல், சர்க்கரை ஏற்றம், எலும்புத் தேய்வு, உள்ளே உறங்கும் காசநோய் கிளம்புதல் ஆகியவை நீண்டகால விளைவுகள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "மூலிகைப் பொடி" ஒரு வாரத்தில் அதிசயமாகக் குணமாக்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவுகள் உள்ளன. சித்த மருந்து வேண்டுவோர் அங்கே பெறுவதும், இரு மருத்துவர்களுக்கும் மற்றவரின் சீட்டைக் காட்டுவதும் முறை.

பத்தியமும் பேச்சும்

கத்தரிக்காய், கருவாடு, நண்டு, முட்டை ஆகியவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது பழைய வழக்கம். உண்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் தடிப்பு வந்தால் அந்த உணவை ஒதுக்கத்தான் வேண்டும். அவ்வாறு இல்லாமல் ஆறு மாதம் ரசஞ்சோறு மட்டும் உண்டவர், அரிப்போடு இரத்தசோகையையும் சேர்த்துக்கொள்கிறார். சந்தேகம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, மீண்டும் உண்டு பார்க்கலாம். உண்டவுடன் மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ முன்பு வந்திருந்தால் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

வெந்நீர்க் குளியல் அரிப்பைக் கூட்டும். தோலழற்சி உள்ளவர்கள் குளித்து ஈரம் உலரும் முன் தேங்காய் எண்ணெயோ வெள்ளை மெழுகுக் களிம்போ பூசினால் தோல் காயாது. மஞ்சள், வேப்பிலை அரைப்பு ஆகியவை பலருக்கு ஒன்றும் செய்வதில்லை என்றாலும், வெடித்த தோலில் எரிச்சலையும் சிலருக்கு ஒவ்வாமையையும் தரும்.

அரிப்பைவிடப் பெரிய சுமை பிறர் பார்வை. காணாக்கடியும் தொடு ஒவ்வாமையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஜீப்பில் பக்கத்தில் உட்காரத் தயங்குவதும், பெண் பார்க்க வருமுன் முழுக்கைச் சட்டை தைப்பதும் அறியாமையால் வருவன. நீண்டகாலம் தூக்கம் கெடுவதால் எரிச்சலும் சோர்வும் உண்டாகும். மனச்சோர்வு இந்நோயாளிகளிடம் கூடுதலாகவே காணப்படுகிறது. "மனசாலதான் உனக்கு அரிக்கிறது" என்ற பேச்சு காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறது. தூக்கம் கெடுவதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு.

உடனே மருத்துவமனை

நாக்கு, தொண்டை வீக்கம், குரல் மாறுதல், மூச்சுத் திணறல், தடிப்போடு மயக்கம் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். புதிய மாத்திரை தொடங்கிய சில வாரத்துக்குள் காய்ச்சலுடன் வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தாலோ தோல் உரிந்தாலோ அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே செல்ல வேண்டும்.

எவ்வளவு காலம்

நாள்பட்ட தன்னியல்பு அர்ட்டிகேரியா பெரும்பாலோருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தானாக அடங்குகிறது. சிலருக்கு அதற்கு மேலும் நீள்கிறது. மருந்து நோயைத் துரத்துவதில்லை, அது அடங்கும்வரை தடிப்பில்லாமல் வைத்திருக்கிறது. சில மாதம் தொடர்ந்து ஒரு தடிப்பும் இல்லையென்றால் மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார்; திரும்ப வந்தால் பழைய அளவுக்கே போவார். தொடு ஒவ்வாமையின் கணக்கு வேறு. ஒரு பொருளுக்கு உண்டான ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். பூண்டு உரிப்பவர் வேறு வேலைக்கு மாறலாம், மருந்தடிப்பவர் பறிக்கும் வேலைக்கு மாறலாம். பார்த்தீனியம் உள்ளவர் வீட்டைச் சுற்றி இருக்கும் செடிகளைப் பூக்குமுன் வேறொருவரைக் கொண்டு பிடுங்கச் செய்து, முழுக்கைச் சட்டையும் முகத்துக்குத் துண்டும் அணிந்து, வயலிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றுவதன் மூலம் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ள முடியும்.